உன் படகில் கரண்ட் போனது பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தானும் நலம். நீ தரையில் நின்றுகொண்டு நலமாக இருக்கிறாயே, அப்படி இல்லை. இடதும் வலதுமாகக் கொஞ்சம் ஆடிக்கொண்டே நலம். உன் மனைவிக்கும், உன் புது வேலைக்கும், அங்கே அடிக்கும் குளிருக்கும் எங்கள் அன்பு. உடம்பையும் பொறுமையையும் பத்திரமாகப் பார்த்துக்கொள். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்க இரண்டும் வேண்டியிருக்கும்.

போனிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். சொல்ல ஆரம்பித்தேன், "அக்கா, சுருக்கமா சொல்லு, மீட்டிங்ல இருக்கேன்" என்றாய். பஸ் நிலைய விசாரணைக் கவுண்டரில் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்து, வடக்கே போகிற வண்டி எப்போது என்று கேட்டவருக்குத் தெற்கே போகிற வண்டியையும் சேர்த்துச் சொல்லி அனுப்பியவள் நான். சுருக்கமாகச் சொல்வது என் தொழிலிலேயே கிடையாது. காகிதம் மீட்டிங்குக்குப் போகாது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் காரணம். அந்த எலக்ட்ரீஷியனை உடனே நிறுத்து. படகை இப்போதைக்கு விற்காதே. இனிக் காரணம்.

"ஒரு சின்ன வேலைக்கா" என்றுதான் நீ சொன்னாய். படகை வாங்க ஒரு பல் டாக்டரம்மா ஆசைப்படுகிறார், பரிசோதகர் வந்து பார்த்துவிட்டு எஞ்சின் நன்றாயிருக்கிறது, உடம்பு நன்றாயிருக்கிறது, மின்சாரம் மட்டும் கிழடு தட்டிவிட்டது, எல்லாவற்றையும் மாற்றினால்தான் சான்றிதழ் தருவேன் என்கிறார், நீங்கள் இரண்டு பேரும் படகிலேயே தங்கி வேலை நடப்பதைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றாய். நான் ஒப்புக்கொண்டது உனக்காக என்று நினைத்துக்கொண்டிருப்பாய். அதுவும் உண்டு. ஆனால் முக்கியமாக உன் அத்தானுக்காக. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாள் முதல் அவர் பேசுவதையே நிறுத்திவிட்டார் என்பது உனக்குத் தெரியும். கோபமும் இல்லை, சண்டையும் இல்லை. காபி வேணுமா என்றால் "ம்". வேண்டாமா என்றாலும் "ம்". இந்த "ம்"முக்கும் அந்த "ம்"முக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலமே ஆயிற்று. காது டாக்டரிடம் கூட்டிப்போனேன், காது கணக்காக வேலை செய்கிறது என்றார். தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனேன், நான் எல்லாவற்றையும் விவரமாக எடுத்துச் சொன்ன பிறகு அவர், "இவர் தொண்டை நல்லாத்தான் இருக்கு, வேணும்னா உங்க தொண்டைய பாக்கவா?" என்று கேட்டார். அதன்பிறகு அந்தத் தெருப் பக்கமே நான் போகவில்லை. கடல் காற்று பட்டால் ஏதாவது இரண்டு வார்த்தை வெளியே வராதா என்றுதான் பெட்டியைக் கட்டினேன்.

வந்த முதல் நாள் காலையில் கண் விழித்தபோது கூரையில் ஒரு வெளிச்சம் நெளிந்துகொண்டிருந்தது தம்பி. வட்ட ஜன்னல் வழியாகத் தண்ணீரின் ஒளி உள்ளே வந்து, யாரோ மிக மெல்லிய துணியை உதறி உதறி மடிப்பதுபோல அந்த மரக்கூரையில் ஆடிக்கொண்டே இருந்தது. கயிறு முனகியது, படகு ஒரு பக்கம் சாய்ந்து யோசித்துவிட்டு மறுபக்கம் சாய்ந்தது. நான் எழுந்திருக்க மறந்துவிட்டேன். எழுந்து பார்த்தால் மதியம். இதைக் குறையாகச் சொல்லவில்லை, இந்தப் படகில் வேலை ஏன் முன்னேறவில்லை என்பதற்கு ஒரு காரணமாகச் சொல்கிறேன்.

அடுத்த காரணம் மின்னல். உன் எலக்ட்ரீஷியனை இந்தப் படகுத்துறையில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வேகத்தைப் பார்த்து வைத்த பெயர் என்று நம்பினேன். வானத்து மின்னல் எப்படி? ஒரு கணம் தெரியும், "அதோ" என்று நாம் விரலை நீட்டுவதற்குள் காணாமல் போய்விடும். இவரும் அப்படித்தான். கருவிப்பை நம் படகில் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். பாதி முறுக்கிய திருகாணி இருக்கும், முறுக்கியவர் இருக்கமாட்டார். பக்கத்தில் ஏதாவது ஒரு படகில் எஞ்சின் உறுமினால் போதும், மனிதர் ஒரே தாவலில் நடைமேடைக்குப் போய்விடுவார். இடி மட்டும் என்னிடமிருந்து வரும்.

ஆனாலும் வந்த அன்று தரைப்பலகையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே பார்த்தால், அம்மாடி, ஒயர் ஒயர் ஒயராகப் பின்னிக் கிடக்கிறது, எல்லாம் ஒரே கறுப்பு, எது எங்கே போகிறது என்று ஒரு சீட்டுக்கூடக் கட்டவில்லை. "இத வயரிங் பண்ணவரு யாருக்கா?" என்று மின்னல் கேட்டார். "தெரியலையே" என்றேன். "யாரா இருந்தாலும் நல்ல மறதிக்காரரு. ஒண்ண ஆரம்பிச்சிட்டு டீ குடிக்கப் போயிருக்காரு, திரும்பி வந்து வேற ஒண்ண ஆரம்பிச்சிருக்காரு" என்றவர் அடுத்த நிமிடம் தானே டீ குடிக்கப் போய்விட்டார். அதற்குள் உன் அத்தான் ஒரு ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு அது போகும் வழியெல்லாம் போனார். எங்கள் தலையணைக்குப் பின்னால் ஆரம்பித்த அந்த ஒயர் சமையலறைக்கு அடியில் நுழைந்து, எஞ்சின் அறையை ஒரு சுற்றுச் சுற்றி, படியேறி ஸ்டியரிங் வரைக்கும் போய், அங்கிருந்து மனம் மாறி, மறுபடி எங்கள் தலையணைக்கே வந்து நின்றது. எதனுடனும் அது சேரவில்லை. உன் அத்தான் அதை உருவி வளையமாகச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "பாவம்" என்றார். அந்த வாரத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒயரை நினைத்தா அவரை நினைத்தா என்று கேட்காதே.

பழைய ஒயரை எடுத்துப் புது ஒயரைப் போடும் அந்த இடைக்காலம் இருக்கிறதே, அதுதான் வேடிக்கை. எது எதற்குப் போகிறது என்று படகுக்கே மறந்துவிட்டது. காலையில் பாலை எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன், படகின் தலையில் இருக்கும் பெரிய ஹாரன் "பாஆஆம்" என்று அலறியது. பயந்துபோய்க் கதவை மூடினேன், நின்றது. மனதைத் தேற்றிக்கொண்டு மறுபடி திறந்தேன், மறுபடி அலறியது. பாலில்லாமல் காபி குடிக்க என்னால் முடியாது என்பதால் மூன்றாவது முறை காதைப் பொத்திக்கொண்டு உன் அத்தானை எடுக்கச் சொன்னேன். இதற்குள் பக்கத்துப் படகில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர் மேல்தளத்துக்கு வந்து நெஞ்சை நிமிர்த்தி எனக்கு ஒரு சல்யூட் வைத்தார், தன் ஹாரனையும் பதிலுக்கு அடித்தார். வணக்கம் சொல்கிறோம் என்று நினைத்துவிட்டார். மரியாதைக்கு நானும் சல்யூட் வைத்தேன். அதிலிருந்து தினமும் நான் காபி போடும்போதெல்லாம் அவர் குளித்து, தொப்பி போட்டுத் தயாராகக் காத்திருக்க ஆரம்பித்தார். மின்னல் ஒருவழியாக அந்த இணைப்பைச் சரிசெய்த அன்று ஹாரன் அடிக்கவில்லை. பெரியவர் நடைமேடை வழியாக நேரில் வந்து, "என்னம்மா, வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். மனம் கேட்காமல் இப்போதும் ஒரு தடவை பட்டனை அழுத்தி அடித்துவிட்டுத்தான் பாலைக் காய்ச்சுகிறேன்.

குளியலறை விளக்கைப் போட்டால் கூரை மேலே வெளியே, படகு ஓடும்போது போடும் சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் எரிந்ததையும், அதைப் பார்த்து நாங்கள் கிளம்புகிறோம் என்று இரண்டு படகுகள் வழிவிட்டு நின்றதையும் விட்டுவிடுகிறேன். நீ சுருக்கமாகச் சொல்லச் சொன்னாயே.

ஒரு நாள் முக்குளிப்பவர் ஒருவர் படகுக்கு அடியில் போய், அரித்துத் தேய்ந்துபோன ஒரு உலோகக் கட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தார். கொழுக்கட்டையை எலி கடித்ததுபோல இருந்தது. மின்னல் அன்றைக்கு அதிசயமாகப் படகிலேயே இருந்தார். "இது துத்தநாகம்க்கா. கரையில இருந்து நாம எடுக்குற கரண்ட் கொஞ்சம் கொஞ்சமா தண்ணிக்குள்ள கசியும். கசிஞ்சா அடியில இருக்குற உலோகத்தையெல்லாம் தின்னுரும். அதுக்குத்தான் இத வெச்சிருக்கு. இது மட்டும் கரையும், மத்ததெல்லாம் தப்பிச்சிரும்" என்றார். நம் குடும்பத்தில் அந்தக் கட்டி யார் என்று நான் எழுதித் தெரியவேண்டியதில்லை. இருந்தாலும் மூத்தவள் என்ற முறையில் ஒரு வார்த்தை சொல்லிவைக்கிறேன். கசிவைத் தடுக்க, கரையிலிருந்து கரண்ட் வரும் கம்பி படகில் சேருமிடத்தில் இப்போது ஒரு சின்னப் பெட்டி பொருத்தியிருக்கிறார். அது வேலை செய்கிறதாம். எனக்கும் அப்படி ஒன்று பொருத்த முடியுமா என்று கேட்டேன், சிரித்துக்கொண்டே மறைந்துவிட்டார்.

பிறகு புது பேட்டரிகள் வந்தன. பழைய பேட்டரி ஒவ்வொன்றும் தூக்குபவர் இடுப்பைக் கேட்டது. புதியது கைப்பெட்டி போல லேசாக இருக்கிறது, ஆனால் சக்தி இரண்டு மடங்காம். கூடவே சுவரில் ஒரு திரை. பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது, எது எவ்வளவு தின்கிறது என்று எண் எண்ணாக ஓடிக்கொண்டே இருக்கும். தம்பி, அந்தத் திரை வந்த நாளிலிருந்து என் நிம்மதி போய்விட்டது. ரொட்டியை வாட்டினால் எண் இறங்குகிறது, வெந்நீர் போட்டால் இறங்குகிறது, வெயில் அடித்தால் மேலே இருக்கும் சோலார் பலகையால் ஏறுகிறது, மேகம் வந்தால் நின்றுவிடுகிறது. உட்கார்ந்து அதையே பார்க்கிறேன். ஜன்னல் வழியாகக் கடல் இருக்கிறது, நான் எண்ணைப் பார்த்துக்கொண்டு, "ஏங்க, குறைஞ்சிட்டு வருது, குறைஞ்சிட்டு வருது" என்று உன் அத்தானிடம் செய்தி வாசிக்கிறேன். அவர் "ம்" என்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கரண்ட் போன அந்த நாள்.

டாக்டரம்மா படகை ஓட்டிப் பார்க்க வந்தார். நல்ல உயரம், வெட்டிய நரைமுடி, எதைப் பார்த்தாலும் வாயைத் திறக்கச் சொல்வதுபோல ஒரு பார்வை. படகோட்டும் உரிமம் வைத்திருக்கிறார், தானே ஓட்டுகிறேன் என்றார். மின்னல் வழக்கம்போல எஞ்சின் சத்தம் கேட்டதும் எழுந்தார். இந்தத் தடவை நான் விடவில்லை. கருவிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நீங்க செஞ்ச வேலைய நீங்கதான் இருந்து காட்டணும்" என்றேன். பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நடைமேடையைப் பார்த்தார். அதற்குள் கயிறு அவிழ்ந்துவிட்டது.

வெளியே போகும்போது நல்ல வெயில். விரிகுடாவின் நடுவில் டாக்டரம்மா எஞ்சினை நிறுத்தினார். "பேட்டரில மட்டும் எல்லாத்தையும் போட்டு காட்டுங்க" என்றார். மின்னல் எல்லாவற்றையும் போட்டார். ஏசி, ஃப்ரிட்ஜ், வெந்நீர், கெட்டில், ரேடியோ, பம்பு, பட்டப்பகலில் அத்தனை விளக்கும். நாங்கள் மூன்று பேரும் அந்தத் திரைமுன் கூடி நின்றோம். டாக்டரம்மா ஒவ்வொரு எண்ணுக்கும் காரணம் கேட்டார், மின்னல் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னார், நான் இரண்டு பேருக்கும் விளக்கம் சொன்னேன். உன் அத்தான் பின்னால் நீள இருக்கையில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். திரை கறுத்துவிட்டது. அதில் எங்கள் மூன்று முகமும் தெரிந்தன.

டாக்டரம்மா எஞ்சின் சாவியைத் திருகினார். ஒன்றும் இல்லை. "மெயின் சுவிட்ச் விழுந்துருச்சா பாருங்கண்ணே!" என்று மின்னல் கத்தினார். மெயின் சுவிட்ச் அந்த நீள இருக்கைக்கு அடியில்தான் இருக்கிறது. உன் அத்தான் குனிந்து அங்குள்ள சின்னக் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டுப் பார்த்து, மூடிவிட்டு நிமிர்ந்தார். "பாத்தாச்சு." "சரியா இருக்கா?" "ம்." லிஃப்ட்டுகளுக்குள்ளேயே பாதி ஆயுளைக் கழித்தவர் சொன்னால் அப்பீல் ஏது? மின்னல் மற்ற எல்லாப் பெட்டிகளையும் திறந்து திருகாணிகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் நான் நிமிர்ந்து வெளியே பார்த்தேன். கரை இல்லை.

மூடுபனி வந்திருந்தது. எப்போது வந்தது என்றே தெரியவில்லை. கடல் பக்கமிருந்து மெதுவாக உருண்டு வந்து எங்களைச் சுற்றி உட்கார்ந்துவிட்டிருந்தது. டாக்டரம்மா பதறவில்லை. துறைமுக அலுவலகத்துக்குப் போன் செய்தார். பனி விலகியதும் இழுவைப் படகு அனுப்புகிறோம், அதுவரை நங்கூரம் போட்டுவிட்டு அங்கேயே இருங்கள், அவ்வப்போது மணியை அடியுங்கள் என்றார்கள். அவரும் உன் அத்தானும் நங்கூரச் சங்கிலியைக் கையாலேயே விட்டுவிட்டு வந்தார்கள். மணி என் பொறுப்பு. அறிவிப்பு என்றால் எனக்குச் சொல்லவேண்டுமா.

மணியை அடித்துவிட்டு உள்ளே வந்தால் மின்னலைக் காணோம். நடுக்கடலில் எங்கே மறைவார் என்று தேடினேன். மேசைக்கு அடியில் அதன் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் சுண்ணாம்பு.

"அக்கா, கரை எங்கக்கா?"

"தெரியலையே."

"எனக்கு நீச்சல் தெரியாதுக்கா. கட்டிப்போட்ட படகுலதான் வேலை பாப்பேன். கயிற அவுத்தா எறங்கிருவேன். இத்தன வருஷத்துல ஒரு தடவ கூட தண்ணிக்கு வந்ததில்ல."

இப்போது புரிகிறதா, எஞ்சின் சத்தம் கேட்டதும் மனிதர் ஏன் தாவுகிறார் என்று? எனக்குப் புரிந்தது. ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தேன், "பயணிகள் கவனத்திற்கு" என்றுதான் வந்தது. அப்போது உன் அத்தான் வந்து மேசைக்குப் பக்கத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவர் பேசினார் தம்பி. சத்தமாக அல்ல, மெதுவாகவும் அல்ல. ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கேட்கிற அளவில்.

"வணக்கம். நான் வெளியதான் இருக்கேன். என் குரல் கேக்குதா?"

"கேக்குதுண்ணே."

"உள்ள எத்தன பேர் இருக்கீங்க?"

மின்னல் ஒரு கணம் சுற்றுமுற்றும் பார்த்தார். "நான் ஒருத்தன்தாண்ணே."

"நல்லது. காத்து வருதில்ல? அது நிக்காது. சங்கிலி கெட்டியா இருக்கு, நானே பாத்தேன். நீங்க மேலயும் போகமாட்டீங்க, கீழயும் போகமாட்டீங்க. நான் இங்கேருந்து எங்கயும் போகமாட்டேன். உங்க வீட்டுக் கதவு என்ன கலரு?"

"நீலம்ண்ணே."

"நீங்களே அடிச்சதா?"

"சம்சாரம் அடிச்சது. எனக்கு அந்தக் கலர் பிடிக்கல. சொல்லல."

"சொல்லாதீங்க" என்றார் உன் அத்தான்.

இப்படியே போயிற்று. கதவிலிருந்து ஜன்னலுக்கு வந்து, ஜன்னலிலிருந்து பூனைக்கு வந்து, மின்னலின் கை மேசைக்காலை விட்டது. பிறகு உன் அத்தான் கதை சொல்ல ஆரம்பித்தார். ஒரு கட்டடத்தில் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இரண்டு பேர் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டார்களாம். கதவைத் திறந்தால் ஒரே செய்தித்தாளை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படித்துக்கொண்டிருக்கிறார்கள், "கொஞ்சம் பொறுங்க, இந்தப் பக்கம் முடிக்கல" என்றார்களாம். ஒரு பாட்டு டீச்சர் மாட்டிக்கொண்டபோது, பயம் போக இவரையே ஸ்வரம் பாடச் சொல்லி, கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே "கொஞ்சம் ஏத்தி, இன்னும் ஏத்தி" என்று இவருடைய சுருதியைத் திருத்தியிருக்கிறார் அந்த டீச்சர். லிஃப்ட் சரியான பிறகும் இவர் பாடிய வரி முடியும்வரை டீச்சர் வெளியே வரவில்லையாம். இவருக்குப் பாடத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது தம்பி. ஊரிலுள்ள அத்தனை கட்டடத்திலும் முன்பின் தெரியாத எவ்வளவோ பேருக்கு இந்தக் குரல் பழக்கம். நான் அன்றைக்குத்தான் முதல்முறை கேட்கிறேன். எங்களுக்கு நடுவில் கதவு ஒன்றும் இல்லாமல் போனதுதான் தப்போ என்னவோ.

டாக்டரம்மா எதிர் இருக்கையில் காலணியைக் கழற்றிவிட்டுச் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், அப்படியே தூங்கிவிட்டார். ஊராரை எல்லாம் வாயைத் திறக்கச் சொன்னவர், யாரும் சொல்லாமலே திறந்துகொண்டு தூங்கினார். கதை முடிந்து உன் அத்தான் எழுந்தார். நான் போய்ப் பின்னால் அந்த நீள இருக்கையில் உட்கார்ந்து, "இங்க வாங்க" என்று பக்கத்தில் தட்டினேன். உட்கார்ந்தார். அவர் கைமேல் என் கையை வைத்தேன்.

ஏசி இல்லை, பம்பு இல்லை, ரேடியோ இல்லை. தண்ணீர் படகின் வயிற்றைத் தொட்டுவிட்டுப் போகும் சத்தம் மட்டும். படகு நங்கூரத்தைச் சுற்றி மிக மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஆனால் பார்க்க எதுவும் இல்லாததால், வெள்ளைதான் எங்களைச் சுற்றித் திரும்புவதுபோல இருந்தது. கைப்பிடிக் கம்பியில் ஒரு பறவை வந்து இறங்கி, எங்களைப் பார்க்காமல், நாங்கள் பார்த்த பக்கமே அதுவும் பார்த்தது. பனிக்குள் எங்கோ சூரியன் இருக்கும் இடம் மட்டும் பாலில் கரைந்த மஞ்சளாகத் தெரிந்தது. தூரத்தில் வேறு ஏதோ ஒரு படகின் மணி. நான் போய் எங்கள் மணியை ஒருமுறை அடித்துவிட்டு வந்து மறுபடி கையைப் பிடித்துக்கொண்டேன். பேசவில்லை. நான், உன் அக்கா, பேசவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டுவிடாதே, அந்தப் படகில் இருப்பது மின்சாரக் கடிகாரம்.

பனி மெல்லக் கிழிந்து ஒரு துண்டுக் கரை தெரிந்தபோது உன் அத்தான், "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்து, இருக்கைப் பக்கம் குனிந்து செருப்பைத் தேடினார். அந்தக் கணத்தில் கரண்ட் வந்தது. ஃப்ரிட்ஜ் உறுமி, கெட்டில் முனகி, ரேடியோவில் யாரோ பாதி வாக்கியத்தில் கத்தி, பஸ் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கிய கூட்டம்போல எல்லாம் ஒரே நேரத்தில் பேசின. டாக்டரம்மா வாயை மூடிக்கொண்டு விழித்தார். "என்ன பண்ணீங்கண்ணே?" என்று மின்னல் மேசைக்கு அடியிலிருந்து கேட்டார். "ஒண்ணும் பண்ணல" என்றார் இவர்.

ஏன் போனது, ஏன் வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை. பனியின் ஈரம் ஏதோ இணைப்பில் இறங்கியிருக்கும் என்கிறார் மின்னல். ஆடுகிற பல்போல எங்கேயோ ஒன்று இருக்கிறது என்கிறார் டாக்டரம்மா. உன் அத்தானின் எடை ஒயரை அழுத்தியிருக்கும், எழுந்ததும் விட்டுவிட்டது என்பது என் கட்சி. மின்னல் கரையில் கால் வைத்ததும் உன் அத்தானின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டு மறைந்தார். அதன்பிறகு தினமும் வந்து ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிப் பார்க்கிறார், ஒரு பழுதும் அகப்படவில்லை. மனிதர் இளைத்துவிட்டார்.

இதில் பெரிய சிக்கல், டாக்டரம்மா போன வாரம் வந்து படகை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். "ஆனா ஒண்ணு. அந்தப் பழுத சரி பண்ணிடாதீங்க. நான் அப்படித் தூங்கி வருஷக்கணக்காச்சு" என்கிறார். இது எப்படி இருக்கிறது? தெரிந்தே பழுதான படகை ஒரு நல்ல மனுஷி தலையில் கட்ட என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. ஆகவே நான் முதலில் சொன்னதுதான் முடிவு. மின்னல் வேண்டாம், நல்லவர்தான், ஆனால் அவர் செய்த வேலையில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. வேறு துறைமுகத்திலிருந்து ஒருவரைப் பிடித்து, எல்லா ஒயரையும் உருவி மறுபடி முதலிலிருந்து போடச் சொல். எவ்வளவு காலம் ஆனாலும் பரவாயில்லை. அதுவரை நானும் உன் அத்தானும் வேறு வழியில்லாமல் இங்கேயே இருக்கிறோம். அவர் இப்போதெல்லாம் சாயங்காலம் கொஞ்சம் பேசுகிறார். நேற்று கத்திரிக்கோல் எங்கே என்று ஒரு முழு வாக்கியத்தில் கேட்டார்.

உன் காலடித் தரை அசையாமல் இருக்கட்டும். நீ அழுத்துகிற சுவிட்ச்சுக்கு அதற்குரிய விளக்கே எரியட்டும். உன் மீட்டிங்குகள் சீக்கிரம் முடியட்டும். உன் மனைவிக்குத் தனியாக என் அன்பு. நீ பேசும்போது அவளையும் பேச விடு.

என்றும் உன் நலம் விரும்பும்,
அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குமுன் வழக்கப்படி கடிதத்தை உன் அத்தானுக்குப் படித்துக்காட்டினேன். கடைசிவரை கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு. ஒரே ஒரு இடம்தான் தப்பு" என்றார். எழுத்துப் பிழையா என்றேன். "கரண்ட் போகல. நான்தான் நிறுத்தினேன்" என்றார்.

ஒட்டவிருந்த உறையைக் கீழே வைத்தேன். எதற்கு என்றேன். "பனி வந்துட்டு இருந்துச்சு. அவ்வளவு அழகா வந்துச்சு. நீங்க மூணு பேரும் அந்தத் திரையையே பாத்துட்டு இருந்தீங்க." அதை வாயால் சொல்லித் தொலைத்தால் என்ன என்று கத்தினேன். "சொன்னேனே. ரெண்டு தடவ சொன்னேன்" என்றார். வீட்டிலும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாராம், நான் பேசி முடிப்பதற்குள் சொல்லவந்தது பழசாகிவிடுமாம். சரி, அந்த மனிதர் மேசைக்கு அடியில் நடுங்குவதைப் பார்த்த பிறகாவது போட்டிருக்கலாமே என்றேன். "போடத்தான் எழுந்தேன். நீ கூப்பிட்டு பக்கத்துல உக்கார வெச்சு கையப் பிடிச்சிட்ட" என்றார்.

ஆகவே தம்பி, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. மின்னலை நிறுத்தாதே, அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. நாளைக் காலையில் நாங்களே போய்ச் சொல்லிவிடுகிறோம். படகிலும் பழுது எதுவும் இல்லை. ஆனால் விற்பதற்கு இன்னும் கொஞ்சம் பொறு. டாக்டரம்மா வியாழக்கிழமை இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்க வருகிறார், வானிலை அறிக்கையில் பனி என்று போட்டிருக்கிறது. மெயின் சுவிட்ச் இருக்கும் அந்தச் சின்னக் கதவுப் பக்கம் இந்தத் தடவை யார் உட்காருவது என்பதில்தான் எனக்கும் உன் அத்தானுக்கும் இப்போது பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.